வேண்டுமென்று குறைத்த மார்க்ஸ்

நான் பதினொரு வருடம் வட இங்கிலாந்தில் றக்பி லீக் விளையாடினேன். மொன்றியலில் இதைச் சொன்னால் எங்கட சனம் முதலில் என் வண்டி வயிற்றைப் பார்க்கும், பிறகு “கிரிக்கெட்டோ?” என்று கேட்கும். இல்லையப்பா, றக்பி. அதிலும் பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடுகிற வகை. பந்தோடு வருகிறவனைக் கட்டிப்பிடித்து விழுத்த வேண்டும். விழுந்தவன் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திரும்பவும் ஓட வேண்டும். எண்பது நிமிடமும் இதே கூத்துத்தான்.

நான் நடுவில் நின்று மறிக்கிறவன். பெரிய வீரன் என்று அளக்க மாட்டேன். எங்களுடையது இரண்டாந்தரக் கழகம். கிழமை நாட்களில் லொறி ஓடினேன், ஞாயிறு விளையாடினேன். மூக்கு இரண்டு தரம் உடைந்தது, தோள் ஒருக்கால் கழன்றது. தலையில் எத்தனை அடி என்று கேட்காதீர்கள். அடிபட்டால் எழும்ப வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை எழும்பிப் போய் எதிர்ப்பக்க ஆட்களோடு வரிசையில் நின்றேனாம். உடுப்பு மாற்றுகிற அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முழங்கால் கைவிட்ட பிறகு விளையாட்டை விட்டேன். மனைவி மொன்றியலில் வளர்ந்தவள். கலியாணம் கட்டி இங்கே வந்தேன். வில்லரேயில் வீடு, துறைமுகத்திலிருந்து லொறியில் கொன்டெய்னர் ஏற்றி இறக்குகிற வேலை. மகளுக்கு நாலு வயது, கார்டெரிக்கு, அதுதான் பகல் காப்பகத்துக்கு, போகிறாள்.

போன மாரிக் குளிரில் ஒரு காலை. மொன்றியல்-நோர் பகுதியில் லொறியைச் சிவப்பு விளக்குக்கு நிறுத்தினேன். பச்சை விழுந்தது. எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. ஏழு வருடம் ஓடின அதே றோட்டு! பின்னால் ஹோர்ன் அடிக்கிறான்கள், நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் அப்படி நடந்தபோதுதான் மனைவிக்குச் சொன்னேன். அடுத்த நாளே லீவு போடவைத்தாள். காரும் அவள்தான் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு இளம் பெண். சொற்களைக் காட்டி மறைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னா, படங்களை நினைவு வைக்கச் சொன்னா. விளையாடின காலத்தில் இப்படிச் சோதனை ஏதும் செய்ததுண்டா, இருந்தால் ஒப்பிடலாம் என்றா. நான் வாய் திறக்க முதல் மனைவி குறித்துக்கொண்டாள். காலம் முடிந்துபோன உத்தரவாத அட்டையையும் ஃபைலில் போட்டு வைக்கிற ஆள் அவள். பழைய கழகத்துக்கு எழுதி, என் கையெழுத்தையும் வாங்கி அனுப்பி, தாள்கள் முழுவதையும் எடுப்பித்துவிட்டாள்.

இரண்டாம் தரம் போனபோது டொக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. இறக்கம் ஒன்றும் இல்லை, இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நித்திரைக் குறைவாயிருக்கும், அடுத்த கிழமை வேலைக்குப் போகலாம் என்றா. மனைவி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஏனென்றால் அந்தப் பழைய தாள் பொய். ஒவ்வொரு வருடமும் ஆட்டங்கள் தொடங்க முதல் கழகத்தில் எங்களைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்திச் சோதிப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் அதே சோதனையில் அதே மார்க்ஸ் எடுக்கும்வரை மைதானத்தில் இறக்க மாட்டார்கள். ஆகவே முதல் சோதனையை எல்லோருமே வேண்டுமென்று சொதப்புவோம். மண்டை கலங்கின நாளிலும் எட்டிப் பிடிக்கிற மாதிரி. தொண்ணூற்றெட்டு எடுத்தால் மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்கிற யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவன் நான். அதிலும் என் கெட்டித்தனம் வேறு: கனக்கப் பிழை விட்டால் பிடிபடும் என்று, மூன்றுக்கு ஒன்று என்று அளந்து பிழை விட்டேன். இப்போது ஒழுங்காகச் செய்தும் அதே மார்க்ஸ்தான்.

இதை அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் போகும். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பேசாமல் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தேன். நல்ல கோழைத்தனம்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்த் திறப்பை நீட்டினாள். “இஞ்சருங்கோ, இண்டைக்கு நீங்களே ஓடுங்கோ. பிள்ளையை கார்டெரியில ஏத்திக்கொண்டு போவம். அப்பா ஓடுறதைக் கண்டா துள்ளுவாள்.”

பின் சீற்றில் மகளின் இருக்கை. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அந்தப் பழைய தாள் பிழை,” என்றேன்.

“என்ன பிழை? கழகமெல்லோ அனுப்பினது?”

“அவை அனுப்பினது சரி. நான்தான் வேணுமெண்டு பிழையாச் செய்தனான். விளையாட விடாமல் மறிச்சுப்போடுவாங்கள் எண்டு.”

அவள் திறப்பைப் பின்னுக்கு இழுத்தாள். “உங்களுக்கென்ன விசரோ? ஆரும் சோதினையில வேணுமெண்டு மார்க்ஸ் குறைப்பினமோ?”

“எல்லாரும் செய்தவை.”

“எல்லாரும்! எல்லாரையுமோ நான் கட்டினனான்?” கத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் காரைப் பூட்டினாள். “வாங்கோ, டொக்டர் வெளிக்கிட முதல் போய்ச் சொல்லுவம்,” என்று முன்னால் நடந்தாள்.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது கோபமில்லாமல், மெதுவாகக் கேட்டாள்: “ஒழுங்காச் செய்திருந்தா எவ்வளவு எடுத்திருப்பியள்?”

எனக்கும் அதை அறிய ஆசைதான்.

“தெரியாது,” என்றேன். “ஒரு வருசமும் நான் ஒழுங்காச் செய்யேல்லை.”