தானாகத் தொடங்காத சேவை

எங்கள் மகள் எழுந்து நிற்கப் பழகியபோது அவளுடைய அப்பா கட்டாரில் வேலையில் இருந்தார். அவள் நடக்கத் தொடங்குவதைத் தான் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். அனலைதீவில் எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வீடியோவில் கதைத்தால் பாதி நேரம் உறைந்துபோன முகத்தைத்தான் பார்ப்போம். அதனால் அலுமாரிக்கு மேலே ஒரு சிறிய கமெராவை வைத்து, பழைய கணினியில் ஒரு நிரலைப் போட்டேன். பிள்ளை அசையும்போது அது பதிவுசெய்யும். சிக்னல் கிடைக்கும் வேளை பார்த்து அவருக்கு அனுப்பும்.

நான் கணினி படித்தவள். யாரும் திறந்து வைக்காமலே பின்னணியில் ஓடும் சேவையாக அதை நிறுவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். சேவையைத் தொடங்கும் கட்டளையை அடித்ததும், அது இயங்குவதாகப் பச்சை எழுத்தில் வந்தது. கமெராவில் நீல வெளிச்சம் எரிந்தது. இன்னும் ஒரு கட்டளை மிச்சமிருந்தது. கணினி நின்று மறுபடி தொடங்கினால் சேவையும் தானாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை. அந்த நேரம் மகள் எழும்பி அழுதாள், தூக்கப் போனேன். பிறகு பார்த்தால், அவள் கதிரையைப் பிடித்து நிற்கும் வீடியோ வந்துவிட்டது என்று அவர் சந்தோஷமாக எழுதியிருந்தார். எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன்.

தடுப்பூசிக்காக ஊர்காவற்றுறைக்குப் போன அன்று, எங்களோடு இருக்கும் அவருடைய அம்மா, என் மாமி, வழக்கம்போல மெயின் சுவிட்சை நிறுத்தினார். படகேறிப் போகிறவர்கள் வீட்டில் கரண்டை விட்டுவிட்டுப் போவதில்லை. ஏதாவது நடந்தால் நினைத்தவுடன் ஓடிவர முடியாதல்லவா? கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பார்த்த நான், கணினியைப் பற்றி யோசிக்கவேயில்லை.

பின்னேரம் வந்து மெயினைப் போட்டோம். கணினியையும் போட்டுவிட்டு, மகளின் ஊசி போட்ட காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மருந்து எடுக்க எழுந்தபோது மாமி மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, இஞ்ச பாரும். கையை விட்டிட்டாள்."

மகள் கதிரையை விட்டு மாமியை நோக்கிக் கால் வைத்தாள். நான் திரும்பியது அலுமாரிப் பக்கம். நீல வெளிச்சம் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்து முடிப்பதற்குள் பின்னால் மாமி சிரிப்பது கேட்டது. மகள் அவருடைய மடியில் விழுந்து கிடந்தாள்.

விடுபட்ட கட்டளையை அன்றே அடித்தேன். ஒரு வரிதான். அடுத்த நாள் அவள் நடந்தது பதிவாகி அவருக்குப் போனது. உடனே அழைத்தார்.

"இதுதானே முதல் நடை?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நேற்றே நடந்துவிட்டாள், கமெரா ஓடவில்லை என்றேன்.

"பரவாயில்லை. நீர் வடிவாப் பாத்தனீர்தானே? எப்பிடி நடந்தவள் எண்டு சொல்லும்."

நான் போனை மாமியிடம் கொடுத்தேன்.

"உன்ர மோள் வெறிகாரன் மாதிரியெல்லோ தள்ளாடி வந்தவள்" என்று மாமி தொடங்கினார். நடுவில் நின்று, இது யாருடைய கால் என்பது போலக் குனிந்து பார்த்தாளாம். பிறகு தனக்குத்தானே கைதட்டிக்கொண்டு வந்தாளாம். அவர் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நானும் அதை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.