பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அத்தியாயம்

என் நாவல்களில் கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் செத்துப்போவாள். நான்கு நாவல், நான்கு சாவு. பழி முழுவதும் என்மேல் விழக்கூடாது. விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல்களுக்கும் அதில் பங்குண்டு.

குன்றத்தூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பதினைந்து வருடமாக அவற்றைத்தான் படிக்கிறேன். சென்னை நடைபாதைக் கடைகளில் பொறுக்கி எடுத்த, தலையணை கனத்துக்கு இருக்கும் புத்தகங்கள். முதல் புத்தகத்தை அகராதியோடு மல்லுக்கட்டி முடிக்க ஒரு வருடம் ஆனது. "இன்னா சார், எக்ஸாமா?" என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். எரிச்சலாக வரும். ஆனால் அந்தக் கதைகள் எனக்கு அந்நியமாகவே இல்லை. வயலை விட்டு ஆலைக்கு வந்தவர்கள், ஒரே அறையில் ஆறு பேர், சங்கு ஊதினால் ஓடுகிற கால்கள். அங்கே மூடுபனி, இங்கே கன்டெய்னர் லாரிப் புழுதி. மற்றபடி எல்லாம் நான் பார்த்ததுதான்.

அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தவை மரணப் படுக்கைகள். வெளுத்த முகத்தோடு ஒருத்தி படுத்திருப்பாள். எல்லாரையும் மன்னிப்பாள். அழகாகப் பேசி முடித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் இறங்குவேன். பிறகு அதையே தமிழில் எழுதுவேன்.

என் மனைவி ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். லைனில் வருகிற ஒவ்வொன்றையும் பார்த்து, சரியானதற்குப் பச்சை ஸ்டிக்கர், திருத்த வேண்டியதற்கு மஞ்சள், உதவாததற்குச் சிவப்பு ஒட்ட வேண்டும். என் அத்தியாயங்களுக்கும் அதே முறைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோறு வடித்துவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து படிப்பாள். ஒரு கால்புள்ளிகூட அவளிடமிருந்து தப்பாது. பார்க்காமல் பச்சை ஒட்டுவது அவளுக்குப் பாவம். ஒருமுறை சூபர்வைசர் அவசரப்படுத்தியபோது, "பாக்காம ஒட்டணும்னா நீங்களே ஒட்டிக்கோங்க சார்" என்று ஸ்டிக்கர் ரோலை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றவள்.

நான்கு நாவலின் கடைசி அத்தியாயத்துக்கும் சிவப்பு ஒட்டினாள்.

"கடசி வரிக்கும் நல்லாதான் கீது. இன்னாத்துக்குய்யா அவள சாவடிச்ச?"

"அதான்மே இலக்கியம்."

"இலக்கியமாவது ஒண்ணாவது. கஞ்சி குடிக்கவே தெம்பு இல்லாதவ எப்டிய்யா ரெண்டு பக்கத்துக்குப் பேசுவா?"

சிவப்பைக் கிழித்துவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது நாவல் பாதியில் இருந்தபோது அவளுக்கு ரத்தப் புற்று என்றார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கட்டில் கிடைத்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். அவள் தன் நோயைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தக் கதையிலயாவது அவ பொழச்சிக்கட்டுமேய்யா."

சரி என்றேன். குளிக்க வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எழுதினேன். கை பழக்கதோஷத்தில் சாவின் பக்கமே போனது. அடித்து அடித்துத் திருத்தி, ஒருவழியாகக் கதாநாயகியைப் பிழைக்க வைத்து, ஒரு நாள் காலை டாக்டர் வந்துபோன பிறகு கடைசி அத்தியாயத்தை மனைவியிடம் கொடுத்தேன். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது முதல் பக்கத்தில் பச்சை ஒட்டியிருந்தது. அவள் பையில் எப்போதும் ஸ்டிக்கர் இருக்கும். என் வாழ்நாளில் ஒரு கடைசி அத்தியாயத்துக்குக் கிடைத்த முதல் பச்சை. அந்த இடத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

தாள்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன். எட்டாம் பக்கத்துக்கு அடுத்து பதினொன்று இருந்தது. நடுவில் இரண்டு பக்கத்தை வீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"படிச்சியாமே?"

"கடசிப் பக்கத்த மட்டும் பாத்தேன். பொழச்சிக்கினா இல்ல? அது போதும்."

"நடுவுல ரெண்டு பக்கம் இல்லமே. போய் எடுத்துகினு வந்துர்றேன்."

"போவாதய்யா. இங்கயே குந்து. அப்பறமா பாத்துக்கலாம்."

உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. இவள் பார்க்காமல் பச்சை ஒட்டுகிறாள் என்றால் பிழைப்போம் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். முழுதாகப் படிக்க வைத்தால் பழையபடி என்னைத் திட்டுவாள், பழையபடி ஆகிவிடுவாள் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அதோடு, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று அவள் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எழுத்தாளன் புத்தி எங்கே போகும். பார்க்க வந்திருந்த மச்சினியைக் கட்டிலருகே உட்காரச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பக்கங்கள் அகராதிக்கு அடியில் இருந்தன. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். போரூர் நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது மச்சினி போன் செய்தாள். அழுகை மட்டும் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று மச்சினியிடம் கேட்டேன். நான்கு மரணங்களுக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியவன் வேறு என்ன கேட்பான்.

"ஒண்ணியும் சொல்லல மாமா. நீ வந்துட்டியான்னு ரெண்டு தபா கேட்டுச்சு. அவ்ளோதான்."

அந்த இரண்டு பக்கத்தில் நான் எழுதியிருந்தது வேறொன்றும் இல்லை. கதாநாயகியின் கணவன் வேலைக்குப் போகாமல், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் அவள் பிழைத்துக்கொள்கிறாள்.