பேசப்பட்டது

மாவட்ட அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், சாலை, பாலம் பிரிவில், ஜன்னலுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே கிடக்கிற மேசைதான் உதவி எழுத்தருடையது. மனுக்களைப் பிரித்து, எண் போட்டு, குறிப்பு எழுதி, மேலே அனுப்புவது அவர் வேலை. ஆள் துடைப்பக்குச்சி மாதிரி இருப்பார். மின்விசிறியை வேகமாக வைத்தால் காகிதத்துக்கு முன்னால் அவர் பறந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு அலுவலகம் முழுக்க வழங்கும் பெயர் 'ஆனை'.

பெயர் வந்த கதை பதினெட்டு வருஷப் பழசு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், அப்போதைய அதிகாரிக்குப் பதவி உயர்வு ஆணை வந்திருந்தது. நல்ல சேதியை நாமே போய்ச் சொன்னால் நல்லபேர் கிடைக்குமே என்று நம்மவர் உறையும் கையுமாக ஓடினார். அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஐயா, உங்க ஆனை வந்திருக்குங்க!" என்று கணீரென்று அறிவித்தார். கெட்ட நேரம் எப்போதும் நடந்து வராது, ஓடித்தான் வரும். அதே நொடியில் கதவைத் திறந்துகொண்டு, பக்கவாட்டில் திரும்பி, மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார் அதிகாரியின் மாமனார். ஒற்றைக் கதவில் நேராக நுழைய முடியாத உடம்பு அவருக்கு. பத்துப் பேரும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவர் வாயில் மூன்று சுழி 'ண' வராது. ரெண்டு சுழிதான் வரும். பிறவி அப்படி. ஆனால் எழுதச் சொல்லிப் பாருங்கள்! எந்த ன எங்கே, எந்த ண எங்கே என்று அலுவலகமே அவரைக் கேட்டுத்தான் எழுதும். கையில் சரஸ்வதி, நாக்கில் சனி.

அன்றைக்கு விழுந்த வாய்ப்பூட்டு விழுந்ததுதான். அதிகாரி அறைக்குள் கால் வைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அரசு அலுவலகத்திலோ ஒரு வழக்கம் உண்டு. கோப்பில் சந்தேகம் வந்தால் அதிகாரி ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரு சொல் கிறுக்கி இறக்கிவிடுவார். எழுத்தர் நேரில் போய் விளக்க வேண்டும். நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? போகவே மாட்டார். நாலு நாள் கோப்பை ஊறப்போட்டு, 'பேசவும்' என்பதற்குக் கீழே அழகான கையெழுத்தில் 'பேசப்பட்டது' என்று எழுதி மறுபடி மேலே ஏற்றிவிடுவார். பேசினேன் என்று எழுதினால் அல்லவா பொய்? பேசப்பட்டது என்றால் யார் பேசினார்கள், யாரிடம் பேசினார்கள் என்று எந்தத் தொல்லையும் இல்லை. அதிகாரிகளும், ஓகோ, பேசியிருக்கிறோம் போலிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பதினெட்டு வருஷம் இப்படி ஓடியது, சொன்னால் நம்புங்கள்.

வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. அங்கே வீட்டுக்காரி இருந்தாள். விடிந்ததும் ஆரம்பித்தால் விளக்கணைக்கும்வரை அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், அவரும் ஆசையாக "கன்னு" என்று கூப்பிட்டுப் பார்த்தார். 'கண்ணு' என்று நினைத்துத்தான் கூப்பிட்டார், பாவம். அவள் சட்டென்று ஜன்னலைத் திறந்து, "எங்க? எங்க கன்னு? யாரு வீட்டு மாடு அவுத்துக்கிச்சு?" என்று தெருவெல்லாம் தேடினாள். அதற்குப் பிறகு அவர் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா', 'ம்' என்ற இரண்டே சொல்லில் குடும்பம் நடந்தது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதிச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைப்பார். 'பால் தீர்ந்துவிட்டது. ஆவன செய்யவும்.'

அவர்கள் தெருவின் கடைசியில் ஒரு கால்வாய். அந்தப் பக்கம் போய்த்தான் கடை, பள்ளிக்கூடம், பஸ். எவனோ எந்தக் காலத்திலோ இரண்டு பழைய விளக்குக் கம்பங்களைக் குறுக்கே போட்டிருந்தான். அதுதான் பாலம். போன மழையில் வீட்டுக்காரி காய்கறிப் பையோடு அதிலிருந்து வழுக்கி விழுந்து, இடுப்பளவுச் சாக்கடையில் எழுந்து நின்றாள். வீட்டுக்குக்கூட வரவில்லை. அந்த ஈரப் புடவையோடு தெருவில் வீடுவீடாக ஏறி நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கி, நடைபாலம் கேட்டு மனு எழுதி, முதல் கையெழுத்தைத் தானே போட்டு, மறுநாள் மாவட்ட அலுவலகத்துத் தபால் ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"உங்க ஆபீஸ்லதான் குடுத்திருக்கேன். எந்தப் புண்ணியவான் கையில இருக்கோ!" என்றாள் அன்றிரவு.

புண்ணியவான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மனு அவர் மேசைக்குத்தான் வந்திருந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. உயிரைக் கொடுத்து ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். ஆனால் அப்போதுதான் புதிய அதிகாரி வந்திருந்தார். பெண்மணி, எதையும் மறக்காதவர். அந்த வருஷம் கொடுக்க முடிந்தது ஒரே ஒரு நடைபாலம். கேட்டிருந்தது இரண்டு தெரு, இவருடையதும் கடைவீதியும். அதிகாரி ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதினார். நம்மவர் வழக்கம்போல ஊறப்போட்டு, 'பேசப்பட்டது' என்று எழுதி ஏற்றினார். கோப்பு திரும்பி வந்தது.

'எப்போது?' என்று கேட்டிருந்தார் அதிகாரி.

'உரிய நேரத்தில்' என்று எழுதினார் இவர்.

'யாரிடம்?'

'உரியவரிடம்.'

'அந்த உரியவர் நான்தானே? எனக்கு நினைவில்லையே.'

இதற்கு என்ன எழுதுவது? இரண்டு நாள் யோசித்து, 'நினைவூட்டல் அனுப்பப்படும்' என்று எழுதிவிட்டார், மகானுபாவர். இப்படியே மூன்று மாதம் போயிற்று. கடைசியாக வந்த வரி இதுதான். 'பட்டியல் நாளை மாலை ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகம் போகிறது. காலை பத்து மணிக்கு நேரில் வரவும். வாயால் பேசவும். இல்லையேல் பாலம் கடைவீதிக்கு.'

தலைமை எழுத்தர் எட்டிப் படித்துவிட்டு, "மாட்டிக்கிட்டியா ஆனை?" என்றார். "வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்னு உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்! போய்ப் பேசு. கடிச்சா முழுங்கிடப் போறாங்க?"

அன்றிரவு வீட்டுக்காரி கால்வாயைப் பற்றித்தான் பேசினாள். அடுத்த மழை வருவதற்குள் பாலம் வராவிட்டால் இன்னொரு தடவை விழப்போவது தானா, எதிர்வீட்டுக் குழந்தையா தெரியவில்லை என்றாள். அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து அவர் ஒரு தந்திரம் செய்தார். பேச வேண்டியதை எல்லாம் 'ண' வராமல் எழுதி மனப்பாடம் பண்ணினார். தண்ணீரை நீர் ஆக்கினார். வேண்டும் என்பதைத் தேவை ஆக்கினார். கண்ணை விழி ஆக்கினார். பத்து மணிக்கு அதிகாரி அறையில் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சொல்லுங்க," என்றார் அதிகாரி.

"கால்வாயில் நீர் அதிகம். கம்பமோ வழுக்கும். விழியால் பார்த்தேன். பாலம் தேவை."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, எதுக்கு இப்படிச் செய்யுள் மாதிரி பேசுறீங்க?"

"எனக்கு... ஒரு எழுத்து வராது மேடம்."

"எந்த எழுத்து?"

அதைச் சொல்ல முடிந்தால்தான் தொல்லையே இல்லையே! மேசையிலிருந்த துண்டுச்சீட்டை எடுத்து 'ண' என்று எழுதி நீட்டினார். மூன்று சுழியும் முத்து மாதிரி இருந்தது. அதிகாரி சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்குத்தான் மூணு மாசமா என்கூடக் கடுதாசிப் போக்குவரத்து நடத்துனீங்களா? வராட்டி வராம போகட்டும். வர்ற எழுத்தை வச்சுக்கிட்டுப் பேசுங்க."

பதினெட்டு வருஷமாக யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது.

"மேடம், கடைவீதிக்காரங்களுக்குப் பக்கத்துலயே ஒரு பாலம் ஏற்கெனவே இருக்கு, என் கன்னால பாத்தேன். எங்க தெருவுக்குக் கம்பத்தை விட்டா வேற வழியே இல்ல. தன்னி ஏறினா அது கன்னுக்கே தெரியாது. போன மழையில என் வீட்டுக்காரி விழுந்தா. மனுவுல முதல் கையெழுத்தும் அவளோடதுதான், அதையும் சொல்லிடறேன். கோப்பு என் மேசையிலதான் கிடக்குன்னு அவளுக்குத் தெரியாது. நான் வாயத் திறக்காததாலதான் மூனு மாசம் போச்சு. தப்பு என்னோடது, தெருவோடது இல்ல. நீங்க ஒரு ஆனை போட்டா போதும், மேடம்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. கதவுக்கு வெளியே தலைமை எழுத்தருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அதிகாரி முகத்தை ரொம்பச் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டார். "ஆனையைப் போட்டா அந்தக் கம்பம் தாங்குமா?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது உதவி எழுத்தர்தான். அந்த அறைக்குள் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதிகாரியும் சிரித்துவிட்டு எழுந்தார். "உங்க வீட்டுக்காரம்மா மனுங்கிறதால நானே நேர்ல பாத்தாகணும். வாங்க, போகலாம்."

பகல் பன்னிரண்டு மணிக்கு அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கம்பத்தில் ஏறினார். பாதி தூரம் போனதும் கீழே பார்த்துவிட்டார். அவ்வளவுதான், முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கரையில் நின்ற உதவி எழுத்தர் கோப்பை மார்போடு கட்டிக்கொண்டு நடுங்கினார்.

எதிர்க்கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அம்மா, கீழ பாக்காதீங்க! என் மூஞ்சியப் பாருங்க, என் மூஞ்சிய! ஆனைக்கும் அடி சறுக்குற இடம் இது!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்காரி விறுவிறுவென்று கம்பத்தில் நடந்து வந்து, அதிகாரியின் கையைப் பிடித்து மெல்ல இந்தக் கரையில் கொண்டுவந்து விட்டாள். அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள்.

"இந்த நேரத்துல நீங்க இங்க என்ன பண்றீங்க? வேலை போயிடுச்சா?"

"உங்க மனுவைப் பாக்குற எழுத்தர் இவர்தாம்மா," என்றார் அதிகாரி, மூச்சு வாங்கியபடி.

"இவரா? எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. மூணு மாசமா."

வீட்டுக்காரி அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவள் வாய் தானாக மூடி அவர் பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிக் கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அதிகாரி கோப்பை அவர் முதுகில் வைத்தே ஆணை எழுதினார். பாலம் அவர்கள் தெருவுக்கு. அதற்குக் கீழே தேதி போட்டு, 'பேசப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது தெருவே வாசலில் நின்று பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அவர் வீடு மட்டும் பேச்சில்லாமல் கிடந்தது. அடுக்களையில் அவள் முதுகு தெரிந்தது, திரும்பவில்லை. நல்லா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேநீருக்குச் சர்க்கரை எடுக்கக் கூடத்து அலமாரிக்குப் போனார். டப்பாவுக்கு அடியில் ஒரு பழைய உறை இருந்தது. பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்.

'பேசவும்.'

பழக்கதோஷம், கை தானாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது. 'பேச' என்று எழுதியும்விட்டார். பிறகு அதை அடித்தார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் அவள் பின்னால் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கன்னு," என்றார்.

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பதறிப் பக்கத்தில் போனார்.

"ம்ம்மா..." என்றாள் அவள்.