ஒரு மிளகளவு கீழே

மிளகு பறிக்க மரம் ஏறிய அண்ணன் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் மல்லாந்தே கிடந்தார். கொல்லிமலையில் எங்கள் காடு வீட்டுக்கு மேலே, செங்குத்தான மேட்டில் இருக்கிறது. அங்கே தூக்கிப்போக டாக்டர் விடவில்லை. "ஒருக்கா கொடியப் பாத்துட்டாப் போதும்டா தம்பி" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் செல்போன் பழுது பார்ப்பவன். காட்டையே கண்ணுக்குள் கொண்டுவருகிறேன் பார் என்று சவடால் விட்டேன்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் இரண்டு பூதக்கண்ணாடிகள் வாங்கினேன். அட்டைப்பெட்டியை வெட்டி, அவற்றைப் பதித்து, பழைய போன் ஒன்றைச் செருகி, தலையில் மாட்ட நாடா தைத்தேன். இரண்டு போன்களைச் சேர்த்துக் கட்டி மிளகுக்கொடிகளைப் படம் எடுத்தேன். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படமாக, பெட்டிக்குள் இருந்த போனில் அடுத்தடுத்து வைத்தேன். முதலில் எல்லாம் மங்கல். கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்தியதும் தெளிந்தது. என் மனைவி மாட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ சாமி, கைய நீட்டிப் பறிக்கலாம்போல இருக்குதுங்க" என்றாள்.

அண்ணனுக்கு மட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

அவர் கண்களின் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தேன். கண்ணாடிகளை நெருக்கினேன், விலக்கினேன். நான்கு நாளும், "இன்னும் ரெண்டுதாண்டா." எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. "எல்லாருக்கும் தெரியுது, உனக்கு மட்டும் என்ன கேடு?" என்று கத்திவிட்டேன். படுத்தபடுக்கையாய்க் கிடக்கிற மனுஷனிடம்! நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

ஐந்தாம் நாள் எரிச்சலில் வலக்கண் படத்தை மட்டும் ஒரு மிளகளவு கீழே இறக்கினேன்.

"ஒண்ணாயிருச்சு!" அண்ணனின் கை கொடியைத் தேடி மேலே எழுந்தது.

வாங்கி நான் மாட்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. கோளாறு பெட்டியில் இல்லை.

"அண்ணா, இது இல்லாமயும் ரெண்டாத்தான் தெரியுதா?"

"ஆமா."

"உளுந்ததுலேர்ந்தா?"

"அதுக்கு முன்னயே. மூங்கில்ல ரெண்டு கணு தெரிஞ்சுது. இல்லாத கணுவுல கால வெச்சுட்டேன்."

எங்கள் ஏணி ஒற்றை மூங்கில்தான். கணுக்களில் கால் வைத்தே ஏறுவோம்.

"ஏண்ணா சொல்லாம இருந்த?"

"சொன்னேனே கண்ணு. ஏறுறதுக்கு மொத நாளு உன்கிட்டத்தான் சொன்னேன். கண்ணாடி போட்டாச் சரியாப்போயிரும்னுட்ட."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பெட்டியை மறுபடி மாட்டிவிடச் சொன்னார். நான் மாட்டிவிட்டேன். அவர் அப்படிச் சொன்னது, எவ்வளவு யோசித்தும், எனக்கு நினைவிலேயே இல்லை.