கறுப்பு வெள்ளையில் தியான் ஹாக்

ஊய் தியான் ஹாக்கை அறுபத்தேழு வயதுவரை யாரும் கும்பிட்டதில்லை. கும்பிடும்படி அவர் எதுவும் செய்ததும் இல்லை. ஜார்ஜ்டவுனில் ரிக்‌ஷா மிதித்தார், சதுரங்கத்தில் அழுகுணி ஆட்டம் ஆடினார், மனைவி பீ லெங்குக்குப் பயந்தார். ஆள் அவ்வளவுதான்.

வினை லாத்வியாவிலிருந்து வந்தது. யூரிஸ் என்ற அந்த ஊர்சுற்றி, ஹனோயில் ஒரு சுவர், பாங்காக்கில் ஒரு சுவர் என்று படம் வரைந்துகொண்டே வந்தவன். தியான் ஹாக்கின் ரிக்‌ஷாவில் ஏறி, அவர் சிரிப்பில் சொக்கிப்போய், எங்கள் சந்துச் சுவரில் அவர் முகத்தை இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்து வைத்தான். வண்ண டப்பாக்களை ஈப்போ பேருந்திலேயே மறந்துவிட்டதால் வெறும் கறுப்பும் வெள்ளையும்தான். வரைந்த கையோடு மலாக்காவுக்கு பஸ் ஏறிவிட்டான், மகராசன்.

கறுப்பு வெள்ளையில் பெரிய முகம் என்றால் சீனர்களான எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவும் எங்கள் நாட்காட்டியில் பேய்கள் உலாவும் ஏழாம் மாதம். வழிப்போக்கர்கள் சுவரடியில் ஆரஞ்சுப் பழம் வைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். அப்படிக் கும்பிட்டவன் ஒருவனுக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்தது. அப்புறம் கேட்கவேண்டுமா?

காப்பிக்கடை கெய்க் சூனே ஒரு கட்டு வத்தியோடு வந்து நின்றான்.

"டேய், நான் உசிரோட இருக்கிறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. ஆனா படம் நம்பர் குடுக்குதே!"

பீ லெங் தலையில் அடித்துக்கொண்டாள். "உசிரோட இருக்கிறவனுக்கு வத்தி கொளுத்தினா ஆயுசு குறையும்யா! ஒரு வத்திக்கு ஒரு நாள்!" ஈடுகட்ட, மூன்று வேளையும் ஆயுள் கூட்டும் நீள நூடுல்ஸான நூல்மீ சமைத்துப் போட்டாள். நூல்மீயை விழுங்கிவிடலாம். அடுப்படியில் அவள் சத்தமில்லாமல் அழுததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதன்பின் அவருக்கும் சும்மா சும்மா மூச்சு வாங்கியது.

சுவர் முன்னால் போய் நின்று கத்தினார். "நான்தாங்க இது! சாகலை!"

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெண் அவர் காலில் விழுந்தாள். "ஐயோ, நேர்லயே வந்துட்டீங்களா! நம்பர் சொல்லுங்க!"

"எழுந்திரும்மா!" என்று கோபத்தில் கையை உதறினார். எத்தனை விரல் என்று அவள் குறித்துக்கொண்டாள்.

கடைசியில் ஏணியும் பெயிண்டும் வாங்கினார். வண்ணம் பூசிவிட்டால் உயிர் வந்துவிடும் அல்லவா?

"சிவப்பு வேண்டாம்யா," என்றாள் பீ லெங். "செத்தவனுக்குச் சிவப்புப் போட்டா பேயா வருவான்."

"நான்தான் சாகலையேடி!"

இருந்தாலும் கிளிப்பச்சையே வாங்கினார். பட்டப்பகலில் ஏணியேறி படத்தின் சட்டைக் காலரை முடிப்பதற்குள் நகராண்மைக் கழக அதிகாரி ரிட்சுவான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அங்கிள், பாதுகாக்கப்பட்ட ஓவியம் இது. செத்துப்போன மனுஷன் படத்துல போய் இப்படிப் பூசலாமா?"

"அந்த மனுஷனே நான்தான் தம்பி!"

ரிட்சுவான் படத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "அப்ப அடையாள அட்டையைக் குடுங்க."

முன்னூறு வெள்ளிக்கு அபராதச் சீட்டு கைக்கு வந்தது. குற்றவாளி: ஊய் தியான் ஹாக், வயது அறுபத்தேழு. கீழே முத்திரை. தியான் ஹாக் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, கும்பிட வந்திருந்த கூட்டத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.



"செத்தவனுக்கு எவன் அபராதம் போடுவான்?" என்றாள் பட்டர்வொர்த்துக்காரி.

"கழகத்துக்கிட்டயே மாட்டிக்கிட்ட சாமி நமக்கு என்னத்த நம்பர் குடுக்கும்!" என்று கெய்க் சூன் தன் வத்தியைத் தரையில் தேய்த்து அணைத்தான். மற்றவர்களும் அணைத்தார்கள்.

ரிட்சுவான் வண்டியைக் கிளப்பினார். பீ லெங் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள்.

"சார்! முன்னூறு வெள்ளிதானே சார்? இப்பவே கட்டிடுறேன் சார்!"

வாழ்நாளில் அவள் பேரம் பேசாமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.