சனி இல்லாத சூரியக் குடும்பம்

மயிலாப்பூரில் பிள்ளைகளுக்குக் கிரகங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது ரொம்பச் சுலபம். பெற்றவர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வருஷம் கண்காட்சிக்குப் பிள்ளைகளையே கிரகங்களாக்கி மைதானத்தில் சுற்றவிடலாம் என்று தோன்றியது. பாண்டி பஜார் பக்கம் ரெடிமேடாகக் கிடைக்கும் தெர்மகோல் சூரியக் குடும்பத்தை அப்பாக்கள் வாங்கிவந்து, "அவனே பண்ணினது மிஸ்" என்று வெட்கமில்லாமல் நீட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. மஞ்சள் துணி போர்த்திய ஒரு பையன் நடுவில் நிற்பான். அவனைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பு வட்டங்கள். உள்வட்டத்துப் பிள்ளை ஓட வேண்டும். வெளியே போகப்போக மெதுவாக நடக்க வேண்டும்.

சனிக்கு ஒரு சிறுமியைப் போட்டேன். அந்த வகுப்பில் அவசரப்படத் தெரியாத ஒரே ஜீவன் அவள்தான். "சூரியன் ரொம்பத் தள்ளி இருக்கறதால கொஞ்சமாதான் இழுக்கும், அதான் மெதுவா போகுது, இல்ல மிஸ்?" என்று அவளாகவே கேட்டாள். மறுநாள் அட்டையில் பெரிய வளையம் வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, தோளில் மாட்டிக்கொள்ள நாடாவும் கட்டிக் கொண்டுவந்துவிட்டாள். சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

யார் யார் எந்தக் கிரகம் என்று அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேனோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டது. குருவுக்கு மட்டும் ஏகப்பட்ட சிபாரிசு. ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர் ஒருவர், மகளைச் செவ்வாயாகப் போட்டதற்குப் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வரன் பாக்கறச்சே யாராவது இதைச் சொல்லிட்டா என்ன மேடம் பண்றது?" மகளுக்கு வயது ஒன்பது. இவரையெல்லாம் நம்பி ஊர் கணக்கைக் கொடுக்கிறது.

சனியின் அம்மா நேரிலேயே வந்தார். செயற்கைக்கோள் அனுப்புகிற படங்களை ஆராய்வது அவருக்கு வேலை. வானத்தைக் காட்டித்தான் சம்பளமே வாங்குகிறார்.

"இப்பதான் அவளுக்கு ஏழரை ஆரம்பிச்சிருக்கு மிஸ். நீங்க வேற அவளையே சனியாக்கிட்டீங்களே!"

"சாட்டர்ன்னு வேணா கூப்பிடறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

ஆகா! அந்த அம்மா அன்றைக்கு அறிவியலில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

"நெப்டியூன் குடுங்களேன். அது ஜாதகத்துலயே வராது, வம்பில்ல."

பக்கத்தில் நின்ற பெண் அம்மாவின் துப்பட்டாவை இழுத்தாள். "நான் சனியாவே இருக்கேம்மா. வளையம்லாம் செஞ்சிட்டேன்மா."

"வாயால அப்படிச் சொல்லாதடி!" என்று பதறி, மகளுக்காகத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார் அம்மா.

தலைமையாசிரியையிடம் போனேன். அவர் படித்தது இயற்பியல், அதுவும் முதுகலை. "எதுக்கு வம்பு? சனிய எடுத்துடுங்க. புளூட்டோவையே எடுத்துட்டாங்க, என்ன குடியா முழுகிப்போச்சு?" என்றார். அந்தப் பட்டத்தை வடாம் காயப்போடுவதற்காவது உபயோகப்படுத்தலாம். குழந்தைக்கு வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலை கிடைத்தது. வளையத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

விட்டேனா? கண்காட்சியன்று அந்த வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சனியின் வட்டத்தில் நானே இறங்கினேன். ஐம்பதைத் தாண்டியவள், பட்டுப்புடவை வேறு. தலைமையாசிரியையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முன்வரிசையில், பன்னீர் தெளித்து முடித்துவிட்டு வந்த அந்தச் சிறுமியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

கோயிலில் சனிக்கு நேரெதிரே நிற்கமாட்டார்கள். பார்வை பட்டுவிடுமாம், ஓரமாக ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவார்கள். நான் அவர்களைக் கடந்தபோது அந்த அம்மா மகளின் கன்னத்தில் கைவைத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அவள் வெடுக்கென்று தலையை விடுவித்துக்கொண்டு வளையத்தைப் பார்த்தாள், பல் தெரியச் சிரித்தாள். சபாஷ்டி பெண்ணே என்று நினைத்துக்கொண்டேன்.

"பாக்காதடி. அப்பாவுக்கு ஆகாது" என்று அம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

சனியாக நடப்பது லேசில்லை. நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் புதனாக ஓடிய பையனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மறுபடி அவர்களை நெருங்கும்போது அம்மா போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அவள் மட்டும் நான் வருவதை எட்டத்திலிருந்தே பார்த்தாள். அவளுக்குத் தெரியட்டும் என்று வளையத்தை நன்றாகத் தாழ்த்திப் பிடித்தேன்.

நான் பக்கத்தில் போனதும், யார் கையும் படாமல், தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.