மூடி வைத்த லேப்டாப்

அந்தப் பௌர்ணமிக்கு அம்மாவோடு கிரிவலம் போனபோது முதுகில் லேப்டாப்பையும் சுமந்துகொண்டு நடந்தேன். ஆபீஸிலிருந்து எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள், வேறு வழியில்லை. லினக்ஸ் லேப்டாப் அது. மூடினால் ஹைபர்னேட் ஆகி, தானே அணைந்துவிடும்படி அமைத்திருந்தேன். மூடினேன், பைக்குள் போட்டேன், கிளம்பிவிட்டோம்.

பாதி வழியில் அம்மா பையோரமாக என் முதுகில் கை வைத்துவிட்டுப் பதறினாள். "ஜுரமாடா? நெருப்பா கொதிக்குதே!" முந்தானையில் முடிந்திருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினாள். கொதித்தது நானல்ல, பை. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ரோட்டோரம் உட்கார்ந்து திறந்தேன். பேட்டரி சாகக் கிடந்தது. எரிச்சலோடு, உள்ளே நடப்பதையெல்லாம் அது குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் தேடிப் படித்தேன். ஹைபர்னேட் என்றால் ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைய வேண்டும். போன மாதம் ரேமைக் கூட்டிய நான், டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கிய ஸ்வாப் இடத்தைக் கூட்டவில்லை. இடம் போதாமல், அணைய முடியாமல், பைக்குள் விழித்துக்கொண்டே வந்திருக்கிறது. மூடும்போதே ஒரு சத்தம் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

"மூடிட்டா தூங்கிடும்னு நினைச்சேம்மா" என்றேன்.

அம்மா பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"நானும் ராத்திரியெல்லாம் கண்ண மூடிக்கினுதான் படுத்திருக்கேன். நீ எட்டிப் பாத்துட்டு, அம்மா தூங்கிட்டானு லைட்ட அணைச்சிட்டுப் போயிடற."